மூணாவதுன்னா யாருக்கு மூணாவது? 24 மணி நேர கார் ரேஸ் போட்டோவைப் படிப்பது எப்படி

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் போகி. பாகூரில் பெரியப்பா வீட்டுப் பரணை இறக்கி, எதை எரிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட ஆரம்பித்தது. துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் அஜித்குமார் அணி மூன்றாமிடம்!

தேசியக் கொடியோடு அஜித். மேடையில் அஜித். குடும்பத்தோடு அஜித். பத்தே நிமிஷத்தில் வில்லியனூர் பசங்க, பாகூர் பசங்க வைத்த ஸ்டேட்டஸ் முழுக்க அதே படங்கள்தான். நானும் ஒன்றை எடுத்து வைத்தேன்.

பெரியப்பா வில்லியனூரில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் போனை வாங்கிப் பார்த்தார். “மூணாவதுன்னா யாருக்கு மூணாவது? மொத்தத்துலயா, அவங்க கிளாஸ்லயா? இவரு எத்தன மணி நேரம் ஓட்டுனாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்டேட்டஸ் வைத்த யாருக்குமே தெரியவில்லை என்பது அப்புறம் கேட்டபோது புரிந்தது.

ஒரே டிராக்கில் பல பந்தயம்

ஃபார்முலா 1 பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் குழப்புவது இதுதான். அங்கே எல்லாரும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறார்கள். எண்டூரன்ஸ் ரேஸ் எனப்படும் நீண்ட நேரப் பந்தயத்தில் ஒரே டிராக்கில், ஒரே நேரத்தில், பல பிரிவு கார்கள் ஓடும். துபாயில் ஜிடி3, 992, ஜிடி4 எனப் பல பிரிவுகள். ஜிடி3 கார் வேகமானது. அது ஜிடி4 காரைத் தாண்டிப் போனால் இடம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு பந்தயத்தில் இருக்கின்றன, ரோடு மட்டும்தான் ஒன்று. வில்லியனூர் மெயின் ரோட்டில் டவுன் பஸ்ஸை விழுப்புரம் பஸ் தாண்டிப் போவது மாதிரி.

‘992’ என்பது போர்ஷே 911 காரின் ஒரு தலைமுறைக்கான எண். அந்தப் பிரிவில் எல்லாரிடமும் ஒரே ரகக் கார், போர்ஷே 992 ஜிடி3 கப். கார் ஒன்றுதான் என்பதால் ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், எப்போது பெட்ரோல் போடுவது, எப்போது டயர் மாற்றுவது என்ற கணக்கு, இதெல்லாம்தான் வித்தியாசம். துபாயில் பெட்ரோலும் அவரவர் இடத்தில் போட முடியாது. பொது பங்க் மாதிரி ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய்த்தான் நிரப்ப வேண்டும்.

அஜித்குமார் ரேசிங் அணி வாங்கிய மூன்றாமிடம் இந்த 992 பிரிவில். பெரியப்பாவின் முதல் கேள்விக்குப் பதில்: “அவங்க கிளாஸ்ல.” அது சின்ன விஷயம் இல்லை. புது அணியின் முதல் 24 மணி நேரப் பந்தயம் அது.

901-உம் 414-உம்

இரண்டாவது கேள்விதான் சிக்கல்.

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு, ஜனவரி 7 அன்று, பயிற்சியில் அஜித்தின் கார் சுழன்று தடுப்பில் மோதியது. அந்த வீடியோவையும் நாம் எல்லாரும் பார்த்தோம். அவருக்குக் காயமில்லை. ஆனால் 24 மணி நேரம் நீளும் பந்தயத்தில் உடம்புக்கும் அணிக்கும் எது நல்லது என்று யோசித்து, தன் அணியின் 901 எண் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகினார். அந்தக் காரை ஓட்டியவர்கள் பெல்ஜியத்தின் மாத்தியூ டெட்ரி, ஃபாபியன் டுஃபியூ, ஆஸ்திரேலியாவின் கேமரூன் மெக்லியோட். மூன்றாமிடம் பிடித்தது அந்தக் கார்.

அப்போ அஜித் ஓட்டவே இல்லையா? ஓட்டினார், வேறு காரை. ரசூன் என்ற அணியின் 414 எண் போர்ஷே கேமன் ஜிடி4 கார் அது. ஜிடி4 பிரிவில் ‘ஸ்பிரிட் ஆஃப் த ரேஸ்’ விருதும் அவருக்குக் கிடைத்தது. அதாவது அன்று அவர் ஒரு காரின் முதலாளி, இன்னொரு காரின் ஓட்டுநர். மேடையேறியதற்கு ஒரு காரணம், விருது வாங்கியதற்கு வேறு காரணம். எனக்கு வந்த ஸ்டேட்டஸ்களில் இரண்டும் கலந்தே கிடந்தன. 414 கார் படத்துக்குக் கீழே ‘பி3’ என்று எழுதியிருந்தது. நான் வைத்ததும் அதுதான்.

இதில் அஜித் மேல் குறை எதுவும் இல்லை. அணியின் வெற்றியை அவர் அணியோடுதான் கொண்டாடினார். நாம்தான் படத்தை வெட்டிக்கொண்டோம். அந்த மூன்று ஓட்டுநர்களின் பெயரை இந்தக் கட்டுரைக்கு முன் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

அதனால் இந்த மாதிரி படம் வந்தால் முதலில் முகத்தைப் பார்க்காமல் காரின் எண்ணைப் பாருங்கள். அப்புறம் பிரிவு. லெ மான் பந்தயக் கார்களின் பக்கவாட்டில் சின்ன விளக்குகள் எரியும். அந்தக் கார் தன் பிரிவில் முதல் மூன்று இடங்களில் எதில் ஓடுகிறது என்பதை அவை காட்டும், ராத்திரியிலும் தெரியும். (‘லெ மான்ஸ்’ என்று எழுதினால் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த யாராவது திருத்துவார்கள். அந்தக் கடைசி ‘ஸ்’ வாயில் வராது.)

கார்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஒழுங்காகப் போகிற படம் துபாயிலிருந்து வந்தால், அது பெரும்பாலும் ‘கோட் 60’ நேரத்தில் எடுத்ததாக இருக்கும். விபத்து நடந்தால் ஊதா நிறக் கொடி காட்டுவார்கள். அடுத்த நொடியே எல்லாரும் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு இறங்க வேண்டும். கடலூர் ரோட்டில் ஸ்ப்ளெண்டர் போகிற வேகம். போட்டோ எடுக்க அதைவிட வசதியான நேரம் கிடைக்காது. பந்தயம் என்னவோ அப்போது நடக்கவில்லை.

தேரும் காரும்

வில்லியனூர்க்காரர்களுக்கு இதை வேறு மாதிரி சொல்லலாம்.

வைகாசியில் திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம், இப்போதும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வருகிறார்கள். மறுநாள் பேப்பரில் வருகிற படம் வடம் பிடிக்கிற கைகள்தான். ஆனால் தேர் மூலையில் திரும்புவதும் நிற்பதும் யார் கையில்? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடி ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில். அவர்கள் கொஞ்சம் தவறினால் தேர் நேராகப் போய் வீட்டில் இடிக்கும். அவர்கள் படம் எங்காவது வந்து பார்த்திருக்கிறீர்களா? நானும் சின்ன வயதிலிருந்து தேர் பார்க்கிறேன், என் போனில் ஒன்றுகூட இல்லை.

தேரை எடுப்பது சுலபம் என்பதும் ஒரு காரணம். மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட நகராத வண்டி, நிதானமாக முகங்களைத் தேடலாம். ரேஸ் காருக்கு அந்த வசதி இல்லை. மணிக்கு 250 கி.மீ. என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 69 மீட்டர். கேமரா ஷட்டர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தாலும், அதற்குள் கார் 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அறுபதில் ஒரு பங்கு திறந்தால் ஒரு மீட்டருக்கு மேல்.

ஷட்டரை ரொம்ப வேகமாக வைத்தால் இன்னொரு தொல்லை. கார் தெளிவாக விழும், சக்கரமும் அப்படியே நின்றுவிடும், பார்க்க ஷோரூம் வாசலில் நிறுத்தி வைத்த கார் மாதிரி இருக்கும். அதனால்தான் பந்தயப் புகைப்படக்காரர்கள் வேண்டுமென்றே ஷட்டரை மெதுவாக வைத்து, கார் போகிற வேகத்துக்கு இடுப்போடு சேர்ந்து கேமராவைத் திருப்புகிறார்கள். ‘பேனிங்’ என்று பெயர். கார் தெளிவாக இருக்கும், பின்னால் இருக்கிற வேலி, ஜனம், விளம்பரம் எல்லாம் கோடாக இழுபடும். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். உங்கள் போனில் ‘ப்ரோ’ மோட் இருந்தால் ஷட்டரை 1/60 வைத்து, ரோட்டை விட்டுத் தள்ளி நின்று, போகிற பஸ்ஸில் பழகலாம். போன் ஆட்டோவில் இருந்தால் பகலில் அதுவாகவே வேகமான ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும், பஸ் நின்றுவிடும்.

போனில் வேகமாகப் போகிற வண்டியை எடுத்தால் சில சமயம் சக்கரம் முட்டை மாதிரி சாய்ந்து விழும், கவனித்திருப்பீர்கள். போன் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரி வரியாக எடுக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் வண்டி நகர்ந்துவிடுகிறது.

இது இன்றைய பிரச்சினை இல்லை. 1910-களின் தொடக்கத்தில் ஃபிரான்சில் ழாக் ஹென்றி லார்டிக் என்ற இளைஞர், கிராண்ட் ப்ரி பந்தயத்தில் பாய்ந்து போன காரை இப்படி எடுத்தார். பின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பியதால் ஓரத்தில் நிற்கிற ஜனங்களும் கம்பமும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். காரும் பாதி வெட்டுப்பட்டிருக்கும். கெட்டுப்போன படம் என்று ரொம்ப காலம் பேசாமல் கிடந்தது. 1963-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. அப்போது அவருக்கு 69 வயது. இன்று கார் வேகத்தைக் காட்டும் படம் என்றால் முதலில் காட்டுவது அதைத்தான்.

160 கிலோமீட்டரை மறைத்த படம்

கெட்டுப்போன படம் உண்மையைச் சொன்னது. நன்றாக வந்த படம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 1966 லெ மான்.

‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். முதல் மூன்று இடத்திலும் ஃபோர்டு ஜிடி40 கார்கள். மூன்றும் சேர்ந்தாற்போல் கோட்டைத் தாண்டினால் போட்டோ அழகாக இருக்கும் என்று நிறுவனம் ஆசைப்பட்டது. கென் மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். போட்டோ அழகாகவே வந்தது, இன்றைக்கும் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் தொடக்கத்தில் புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் ஜோடியின் கார் சில மீட்டர் பின்னால் நின்று புறப்பட்டது. அதனால் 24 மணி நேரத்தில் அந்தக் கார்தான் அதிக தூரம் ஓடியிருக்கிறது என்று அவர்களுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். மைல்ஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார்.

எல்லாரும் பேசுவது இந்த அநியாயத்தைத்தான். எனக்கு அந்தப் படத்தில் அதைவிட ஆச்சரியமாகத் தெரிவது மூன்றாவது கார். முதல் இரண்டு கார்களும் 360 சுற்று முடித்திருந்தன. மூன்றாவது கார் முடித்தது 348. அன்றைய டிராக் 13.4 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டு சுற்று என்றால் சுமார் 160 கிலோமீட்டர். ஏறக்குறைய புதுச்சேரிக்கும் சென்னைக்கும் உள்ள தூரம். படத்தில் அது சில கார் நீளம் பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

24 மணி நேரம் என்பது 86,400 விநாடி. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் போட்டோ சேர்ந்து ஒரே ஒரு விநாடி. நம் போனில் வந்து குவிந்த மொத்தப் படங்களும் அன்றைய துபாய் பந்தயத்தில் ஓரிரு விநாடிக்குமேல் தேறாது.

எடுக்கப்படாத படம்

நம்மூர்க்காரர் ஒருவரின் லெ மான் கதையில் படமே இல்லை.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2009. கோலஸ் அணியின் ஆடி ஆர்10 டீசல் கார். ஆந்த்ரே லாட்டரர், சார்லஸ் ஸ்வோல்ஸ்மன், நரேன் என்று மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. பந்தயம் தொடங்கச் சற்று முன் பிட் சுவரிலிருந்து குதித்ததில் நரேனுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. அவர் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. மிச்சம் இரண்டு பேரே 24 மணி நேரத்தையும் பங்குபோட்டு ஓட்டி ஏழாமிடத்தில் முடித்தார்கள். லாட்டரருக்கு அதுதான் முதல் லெ மான். அடுத்த ஆண்டே ஆடி அவரைத் தன் சொந்த அணியில் எடுத்துக்கொண்டது. 2011, 2012, 2014 மூன்று முறை அவர் லெ மான் வென்றார்.

ஒரு சுவர், ஒரு குதி. பந்தயத்தில் நரேன் அந்தக் காரை ஓட்டுகிற படத்தை நீங்கள் எங்கே தேடினாலும் கிடைக்காது.

2012-இல் சென்னையின் கருண் சந்தோக் அங்கே ஓட்டினார். டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக்கோடு சேர்ந்து மொத்தப் பட்டியலில் ஆறாமிடம். 2021 பிப்ரவரியில் நரேன், அர்ஜுன் மைனி, நவீன் ராவ் மூவரும் ‘ரேசிங் டீம் இந்தியா’ என்ற பெயரில் ஆசிய லெ மான் தொடரில் ஓடினார்கள். அதன் முதல் சுற்றுகள் நடந்தது இதே துபாய் ஆட்டோடிரோமில்தான். நான்கு வருஷம் கழித்து அஜித்துக்கு வந்த ஸ்டேட்டஸ்களில் நூறில் ஒன்றாவது அன்று வந்ததா? எனக்கு நினைவில்லை.

சோழவரத்து மூன்று படங்கள்

அன்று பரணிலிருந்து இறங்கிய பிஸ்கட் டின்னில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மூன்று இருந்தன. போகிக் குவியலில் போக வேண்டியவை. பெரியப்பா எடுத்து வைத்துக்கொண்டார்.

சோழவரம் தெரியாத தலைமுறைக்கு: சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போருக்குப் போட்ட விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 24 மணி நேரப் பந்தயம் இல்லை, குறுகிய சுற்றுப் போட்டிகள். வைக்கோல் கட்டும் டிரம்மும்தான் தடுப்பு. ஃபியட், அப்புறம் சிபானி டால்ஃபின் என்று ரோட்டில் ஓடுகிற வண்டிகளை மாற்றி அமைத்து ஓட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு கூட்டம் அங்கே போய்விட்டது.

பெரியப்பா பட்டறைப் பசங்களோடு போனாராம். இசிஆர் இல்லாத காலம், திண்டிவனம் வழியாக ராத்திரி பஸ், விடியற்காலை பாரிமுனை, அங்கிருந்து இன்னொரு பஸ். கூட வந்த ஒருவரிடம் கேமரா. ஃபிலிம் ரோலில் 36 படம்தான், அதில் கல்யாணத்துக்குப் பாதி எடுத்தாகிவிட்டது.

முதல் படத்தில் கூட்டத்தின் முதுகு. இரண்டாவதில் காலி ரோடு, ஓரத்தில் ஒரு காரின் வால். அமுக்குவதற்குள் போய்விட்டது. மூன்றாவதில் தாழ்வாக ஒரு வண்டி, முழுக்க இழுபட்டு, சக்கரம் திறந்து தெரிகிறது.

“இது மல்லையா வண்டிதான்” என்றார் பெரியப்பா.

“எப்படிச் சொல்றீங்க? ஃபார்முலா வண்டி நிறைய ஓடியிருக்கே. நம்பர்கூட தெரியலயே.”

“சத்தம்டா. அந்த வண்டி வந்தா நெஞ்சுக்குள்ள அதிரும். மத்ததெல்லாம் வேற சத்தம்.”

படத்தில் சத்தம் இல்லை. அவரிடம் இருக்கிறது, ஆனால் எந்த வருஷம் என்று அவருக்குத் தெரியவில்லை. கல்யாணம் யாருடையது என்று பிடித்தால் வருஷம் கிடைக்குமே என்று கேட்டேன். கேமரா கொண்டுவந்தவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவர் வீட்டில் ஆல்பம் இருக்கலாம். இல்லை, இது மாதிரி ஏதாவது ஒரு போகியில் போயிருக்கலாம்.

சோழவரத்துக்கு ஜனம் திரண்டு போன காலத்தின் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் டின்களிலும் ஆல்பங்களிலும் கிடக்கின்றன. பின்பக்கம் எதுவும் எழுதியிருக்காது. எடுத்தவருக்குத் தெரியும், எழுதத் தேவைப்படவில்லை. நம் போன் படங்களுக்கும் அதே கதிதான். தேதியும் இடமும் ஃபைலுக்குள் தானாக ஒட்டியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு முறை சாதாரணமாக அனுப்பினாலே அந்த விவரம் கழன்றுவிடும். 414-க்குக் கீழே ‘பி3’ என்று எழுதிய படம், இருபது வருஷம் கழித்து அப்படியேதான் நிற்கும்.

உங்கள் வீட்டில் இப்படிப் படம் இருந்தால்: போனில் எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் அழுந்தி முன்பக்கம் தடம் விடும், மை ஊறும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ராத்திரி என் ஸ்டேட்டஸை அழித்துவிட்டு, 901 காரின் படத்தைத் தேடி எடுத்து, ஓட்டிய மூன்று பேரின் பெயரோடு மறுபடி வைத்தேன். ‘தல எங்க ப்ரோ?’ என்று நாலு பேர் கேட்டார்கள்.

பெரியப்பா பென்சிலை வாங்கி மூன்றாவது படத்தின் பின்னால் அவரே எழுதினார். “சோழவரம். வருஷம் ஞாபகம் இல்லை. ஐந்து பேர் போனோம்.” ஐந்து பேரின் பெயரும் வரிசையாக. மல்லையா என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் “சத்தம் பெருசு” என்று எழுதிவிட்டு டின்னை மூடினார்.